தொட்டுப் பார்க்கிற கை

துருவப் பகுதிக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலை என்று ஒன்று இருப்பதையே விருத்தாசலத்தில் யாரும் நம்பவில்லை. நான் ஏதோ ஐஸ் கம்பெனியில் இருப்பதாக என் சித்தப்பா பாதி ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். பாலக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரிந்தவர்கள் யாராவது பிடித்துக்கொள்வார்கள். "அங்க போயி குளிச்சியா?" என்பது முதல் கேள்வி. "கரடியப் பாத்தியா?" இரண்டாவது. "கல்யாணம் ஆச்சா?" மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பதிலை வைத்திருந்தேன். "இன்னும் இல்லீங்க."

நான் படித்தது நிலவியல். அதிலிருந்து நழுவிப் பனிப்பாறைக்குப் போனேன். வேலை வெளியூரில். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு அமைப்பு ஒவ்வொரு ஏப்ரலிலும் பல நாட்டுப் பள்ளி மாணவர்களை நார்வேக்கு வடக்கே இருக்கிற தீவுகளுக்கு அழைத்துப் போகத் தொடங்கியது. அவர்களோடு எங்களைப் போன்ற நிபுணர்கள் சிலர் போவோம். பறவைக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர், துப்பாக்கியோடு கரடிக்காவலுக்கு ஒருவர், ஒரு மருத்துவர், எங்கள் எல்லோருக்கும் ஒரு தலைவர். பனிக்கு நான். நிபுணர் என்று அட்டையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு நாம் சொல்வதை எல்லாம் நம்புவார்கள்.

ஐந்து முறை போனேன். ஆறாவது முறை இல்லை. ஐந்தாவது பயணத்தில் ஒரு பெண்ணின் விரல் போனது. அது என்னால் போனது என்பதை அவளுடைய அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டரை மாதம் பிடித்தது. அந்த இரண்டரை மாதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் சூளையைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒன்றும் புரியாது.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் கூடியிருக்கிற செராமிக் எஸ்டேட்டில் அப்பா ஒரு சின்ன ஷெட் வைத்திருந்தார். பொம்மைகளும் ஊறுகாய் ஜாடிகளும். அச்சில் ஊற்றிக் காயவைத்து, எஸ்டேட்டின் பொதுச் சூளைக்கு அனுப்புவோம். வெந்த சரக்கு இரும்பு வண்டியில் வெளியே வரும். பார்த்தால் ஆறிப்போனது மாதிரிதான் இருக்கும். பீங்கான் சிவக்காது, புகையாது. வெள்ளை வெளேரென்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். எடுக்கலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள யாராவது தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

சரக்கு இறக்குகிற பெண்களுக்கு மேஸ்திரியாக எங்கள் ஷெட்டில் ஓர் அம்மா இருந்தார். இருபது வருடம் சூளைச் சரக்கு எடுத்த கை. ஒருநாளும் அவர் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. "நான் தொட்டா எல்லாமே ஆறித்தான் இருக்கும். புதுசா வந்தவளக் கூப்புடு" என்பார். புதிதாக வந்தவள் வந்து தொடுவாள். அவள் "அய்யோ" என்று கையை உதறினால் எல்லோரும் வெற்றிலை போடப் போய்விடுவார்கள். அவள் பேசாமல் நின்றால் வேலை தொடங்கும். எங்கள் ஷெட்டில் மட்டுமில்லை, எஸ்டேட்டில் சரக்கு இறக்குகிற எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். முதல் நாள் வேலைக்கு வந்த பெண்ணின் பேச்சுக்கு அத்தனை பேரும் கட்டுப்பட்டு நிற்கிற ஒரே நேரம் அதுதான்.

பள்ளி விடுமுறையில் நானும் இறக்கப் போவேன். முதலாளி மகள் என்று யாரும் விட்டுவைக்கவில்லை. இரண்டு வருடம் நான்தான் தொட்டுப் பார்க்கிறவள். மூன்றாவது வருடம் ஒருநாள் தொட்டுவிட்டு, எடுக்கலாம் என்றேன். என் பின்னால் வந்த பெண் ஒரு ஜாடியைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டுக் குதித்தாள். மேஸ்திரியம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளை நகத்தால் கிள்ளினார். "உங் கை முடிஞ்சிடுச்சு போ. இனிமே நீ தொடாத" என்று சிரித்தார். எனக்கு அவ்வளவு பெருமை. வீட்டுக்கு ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னவோ நான் வகுப்பில் முதலாவது வந்துவிட்டது போலச் சிரித்தாள்.

கல்லூரி விடுதியில் அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்து வித்தை காட்டியிருக்கிறேன். பனிக்குப் போன பிறகும் அதே வித்தைதான். மற்றவர்கள் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நிற்கும்போது நான் வெறுங்கையால் முடிச்சுப் போடுவேன். எங்கள் மருத்துவர் ஒருமுறை என் விரல் நுனியில் ஊசியால் குத்திப் பார்த்தார். "சூடோ குளிரோ உனக்குத் தொட்டால் தெரியாது, அதனால் கண்ணால் பார்த்துக்கொள்" என்று எச்சரித்தார். அப்படியே செய்தேன். என் விரல்களை மட்டும் கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைப் பார்த்தது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில். அந்த வருடம் இந்தியாவிலிருந்து ஒரு மாணவரை நானே தேர்ந்தெடுக்கலாம் என்று அமைப்பில் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டிவிட்டு, பனியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள் என்றேன். எல்லோரும் இமயமலையை எழுதினார்கள். இவள் ஒருத்தி எழுதாமல் வரைந்திருந்தாள். சர்பத் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருக்கிற ஐஸ் கட்டி. உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளை ஒன்றுவிடாமல் போட்டிருந்தாள். மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக. பழைய காற்று அடைபட்ட குமிழியைப் பார்க்கத்தான் நாங்கள் அவ்வளவு தூரம் போகிறோம். மற்ற தாள்களை நான் மறுபடி பார்க்கவில்லை.

கம்மாபுரம் தாண்டி அவள் ஊர். அப்பா பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர், அரவை நேரத்தில் வீட்டுப் பக்கம் வரமாட்டார். அம்மா தினமும் பஸ் பிடித்து எஸ்டேட்டுக்கு வந்து சூளையில் சரக்கு இறக்குகிறவர். சாயங்காலம் திரும்பும்போது ஒரு கூடையில் வெந்த பொம்மைகளை எடுத்துப் போவார். மகள் அவற்றுக்குக் கண் எழுதுவாள். சென்னைக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் எண்ணம். ஜூனில் அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும்.

சம்மதக் கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா படிவத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"குளிரு கை காலுக்கு ஒண்ணும் பண்ணாதுங்களே?"

"அதுக்குன்னு உடுப்பு குடுப்பாங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்."

"இல்லீங்க, இவள நான் சூளப் பக்கம் வுட்டதே இல்ல. கண்ணு எழுதற கை பாருங்க. அதான் கேட்டேன்."

"நான் பாத்துக்குறேன்" என்றேன். ஐந்து வருடமாக எல்லா அம்மாக்களிடமும் சொன்ன வாக்கியம்தான். அந்தம்மாவின் கையை நான் பார்க்கவில்லை. அவரும் என் கையைப் பார்க்கவில்லை.

தீவில் ஏப்ரலில் இரவு முழுதாக இருட்டுவதே இல்லை. அது நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் போய்ப் பார்க்கலாம். அவள் முதல் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கரடிக்காவலரின் துப்பாக்கியை வரைந்து அவரிடமே கொடுத்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் அவளிடம் படம் கேட்டார்கள். நானும் அவள் என் ஊர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆறாம் நாள் பனியாற்றின் மேல் பாடம். நெஞ்சளவுக்குக் குழி வெட்டி, பனி வருடா வருடம் எப்படிப் படிந்திருக்கிறது என்று காட்டுவேன். ஒவ்வொரு படிவிலிருந்தும் கொஞ்சம் சுரண்டி, கறுப்புத் தகட்டில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து வரைய வேண்டும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. காற்று லேசாக இருந்தது. பெரிய கையுறையை மட்டும் சில நிமிடம் கழற்றலாம், உள்ளே போட்டிருக்கிற மெல்லிய உறையைக் கழற்றக் கூடாது என்பது விதி. அதைத் தினமும் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்கிற பொறுப்பும் என்னுடையதுதான்.

மெல்லிய உறையோடு அவளுக்குப் பென்சில் பிடிபடவில்லை. கோடு நடுங்கியது. அவளுக்கு எரிச்சல்.

"மேடம், இது வழுக்குது. கழட்டிட்டு வரையட்டுமா?"

மற்ற பிள்ளை யாராவது கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பேன். அவள் வரைந்துகொண்டிருந்தது அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. பாதியில் நிறுத்த எனக்கு மனமில்லை. என் வலக்கை உறைகளைக் கழற்றினேன். கையைக் காற்றில் நீட்டினேன். அவளுடைய அலுமினியப் பென்சிலை வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சும்மா ஒரு பென்சில்.

"கழட்டிக்க. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

கழற்றினாள். வரைந்தாள். கொஞ்ச நேரத்தில், "மேடம், விரலு எரியுது" என்றாள். நான் மறுபடியும் என் கையை நீட்டிப் பார்த்தேன். "மொதல்ல அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். நிழல் போடும்போது ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக் கோட்டின் மேல் தேய்த்தாள். பொம்மைக்குக் கண் எழுதுகிறவர்கள் செய்வது. தினமும் பார்ப்பது என்பதால் எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அது கண்ணில் படாது, எனக்கும் படவில்லை. அந்தக் குளிரில் ஈர விரல் என்னவாகும் என்று வகுப்பெடுக்கிறவள் நான். இன்னொரு முறை "ரொம்ப எரியுது மேடம்" என்றாள். "இந்த ஒண்ண முடிச்சிடு" என்றேன்.

பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் மற்ற பிள்ளைகளிடம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"இப்ப எரியல மேடம். நல்லா ஆயிடுச்சு."

"அப்பிடியா, நல்லது" என்றேன்.

இதை எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். முதலில் பாதியில் நிறுத்திவிடுவேன். இப்போது அதுவும் இல்லை. நல்லது என்றேன், அவ்வளவுதான்.

கடல் நிபுணர்தான் முதலில் பார்த்தார். அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் கத்தினார். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நுனியிலிருந்து வெள்ளையாக இருந்தன. பூச்சுக் கொடுக்காத பீங்கான் நிறம். அவள் அந்த விரலால் தகட்டைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டது. "சொரணையே இல்ல மேடம்" என்று என்னிடம் தமிழில் சொன்னாள், பயமில்லாமல், ஏதோ புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தவள் போல.

குடிலுக்குக் கொண்டுபோய் மருத்துவர் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்தார். உயிர் திரும்பும்போதுதான் வலி. அவள் அம்மா, அம்மா என்று அலறினாள். அந்தக் குடிலில் அந்தச் சொல் புரிந்தது எனக்கு மட்டும்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லோர் முகமும் ஒரே மாதிரிதான் இருந்தது. நான் தண்ணீர் ஆறாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சரியான சூட்டில் இருக்கிறதா என்று விரலை விடப் போனேன். மருத்துவர் என் கையைத் தட்டிவிட்டு வெப்பமானியை வைத்தார். பனியின் மேல் அவளுக்காக நான் தொட்டுப் பார்த்ததும் இதே கையால்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை.

மறுநாள் தலைவர் விசாரித்தார். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். மேடம் கூடாது என்றார்கள், நான் கேட்கவில்லை, நானே கழற்றிவிட்டேன். தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும், "ஏன் அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒங்கள நிறுத்திட்டா அடுத்த வருஷம் எங்க பக்கத்துலேர்ந்து யாரக் கூப்புடுவாங்க மேடம்? விரலு சரியாப் போயிடும்ல?"

"போயிடும்" என்றேன். அதையும் எதைத் தொட்டுப் பார்த்துச் சொன்னேனோ தெரியவில்லை.

சென்னை விமான நிலையத்துக்கு அவள் அம்மா வந்திருந்தார். மகளின் கையை எடுத்துப் பார்த்தார். கொப்புளம் வற்றி, ஆட்காட்டி விரல் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது. மகள் அங்கேயும் அதே கதையைச் சொன்னாள். அம்மா அவள் தோளில் ஓர் அடி வைத்தார். "படிச்சவங்க சொன்னாக் கேக்க மாட்டியா? அப்பிடி என்னா திமிரு ஒனக்கு?" பிறகு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "நீங்க இல்லாங்காட்டி கையே போயிருக்குங்க." நான் அவர் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். வாய்க்குள் இருந்தது. கார் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

இரண்டரை மாதம் நான் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். வாரம் ஒருமுறை போன் செய்தேன். கறுப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். "இன்னும் மேல ஏறல மேடம்" என்பாள் அவள். மழை வரவில்லை என்பது போல ஒரு குரல். பணம் ஏதாவது வேண்டுமா என்று கேட்பேன். வேண்டாம், அந்த வெளிநாட்டுக்காரங்களே பார்த்துக்கிறாங்க என்பாள். அம்மா பக்கத்தில் இருந்தால் வாங்கி, "நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க, அவ பண்ணதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்வார். ஒவ்வொரு முறையும் போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குற்ற உணர்ச்சி என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. எனக்குள் ஏதோ ஓர் இடம் தொட்டால் தெரியாததாகப் போயிருந்தது. எனக்கு என் மேல் கோபம்கூட வரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் நடுவில் ஆட்காட்டி விரலை முதல் கணுவோடு எடுத்தார்கள். நடுவிரல் தப்பியது, ஆனால் நுனியில் உணர்ச்சி இல்லை. நுழைவுத் தேர்வு அதற்கு முந்தின வாரமே நடந்து முடிந்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை. நானே தேதி பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்துக்கு வந்து, அங்கிருந்து கம்மாபுரம் பஸ் பிடித்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் மூன்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதைப் பற்றி, தன் நிலத்தில் கல் நட்டுவிட்டுப் போனதைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே வந்தார். நான் ம் போட்டுக்கொண்டு வந்தேன். அனல் அடித்தது. ஜன்னல் கம்பி சுட்டிருக்க வேண்டும், மற்றவர்கள் எல்லாம் அதில் துண்டு போட்டுப் பிடித்திருந்தார்கள்.

"வாங்க வாங்க. வெயில்ல வந்திருக்கீங்களே" என்று அம்மா வரவேற்றார். அன்றைக்கு எஸ்டேட் விடுமுறை. கூடத்தில் பாய் போட்டார். சுவரோரம் கூடையில் பொம்மைகள், துணி போட்டு மூடாமல் அப்படியே இருந்தன. ஒன்றுக்கும் கண் எழுதவில்லை. அவள் உள்ளேயிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். வலக்கையில் கட்டு. இளைத்திருந்தாள். "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றாள்.

"இடக்கையால பழகுறா" என்றார் அம்மா அடுப்பிலிருந்து. "நேத்து ஒரு பொம்மைக்கி எழுதுனா. மாறுகண்ணாப் போச்சு. தூக்கிப் போட்டு ஒடச்சிட்டா."

"சும்மா இரும்மா" என்றாள் அவள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். பஸ்ஸில் யோசித்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அதற்குள் அம்மா டீ கொண்டுவந்தார். மூன்று எவர்சில்வர் டம்ளர், வழிய வழிய. கொதித்ததை அப்படியே ஊற்றியிருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டேன். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார். மகளுடைய டம்ளரைத் தரையில் வைத்தார். அவள் அதைத் தொடாமல் ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா என்னவோ கேட்டார். என் வீட்டாரைப் பற்றி என்று நினைக்கிறேன். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அவர் கேட்கவில்லை என்று தெரிந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை நான் விளிம்பில் பிடிக்கவில்லை. முழுக் கையாலும் சுற்றிப் பிடித்திருந்தேன், அவர் பிடித்திருந்தது போலவே.

"சுடலீங்களா?"

"என்னாங்க?"

"டம்ளரு. சுடலயான்னு கேட்டேன்."

நான் டம்ளரைப் பார்த்தேன். ஆவி வந்துகொண்டிருந்தது.

"நீங்க எந்த ஷெட்டுல இருந்தீங்க?" என்றார்.

சொன்னேன். அப்பாவின் ஷெட் அவருக்குத் தெரிந்திருந்தது.

"எறக்குனீங்களா?"

"லீவுல எறக்கியிருக்கேன். ஏழெட்டு வருஷம்."

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு கணக்கு அங்கே மெதுவாக முடிவதை மட்டும் பார்த்தேன்.

"அங்க அந்த ஐஸ்ல," என்றார், "கழட்டலாமா வேணாமான்னு தொட்டுப் பாத்தது யாரு?"

"அம்மா, நானேதான் கழட்டுனேன். அன்னிக்கே சொன்னேன்ல?" என்றாள் மகள்.

"நீ இரு. நான் அவங்களக் கேட்டேன்."

"நான்தாங்க" என்றேன். "நான்தான் தொட்டுப் பாத்தேன். கழட்டிக்க, ஒண்ணும் ஆவாதுன்னு நான்தான் சொன்னேன். அவ மேல தப்பு இல்ல. என்னக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்த வேண்டும் என்று விரும்பினேன். ஏதாவது ஒன்று சுரீரென்று படட்டும் என்று காத்திருந்தேன்.

"இவ எதுனா சொன்னாளா? எரியுது கிரியுதுன்னு?"

"சொன்னா."

"எத்தினி வாட்டி?"

"ரெண்டு வாட்டி."

அம்மா மகளைப் பார்த்து, "இங்க வா" என்றார். அவள் நகர்ந்து வந்தாள். "அவங்க கையில இருக்குற டம்ளரத் தொடு."

"எதுக்கும்மா?"

"தொடுன்றேன்ல."

அவள் இடக்கையை நீட்டி என் டம்ளரைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள். "ஸ்ஸ்… சுடுதும்மா" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா" என்றார் அம்மா என்னிடம். குரல் ஏறவில்லை. "இவ்ளோதான். புதுசா வந்தவ இவதான. இவளக் கேட்டிருந்தாப் போதும். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பதினான்கு வயதிலிருந்து தெரியும். அவர் வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பேன். தெரியும் என்று தலையை ஆட்டினேன். டம்ளரைக் கீழே வைத்தேன். டீயைக் குடிக்கவில்லை.

"போயிட்டு வரேங்க" என்று எழுந்தேன். எங்கள் பக்கம் அதற்குப் பதில் சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாவது போயிட்டு வாங்க என்று சொல்லிவிடுவார்கள். அம்மா கூடையை இழுத்துப் பக்கத்தில் வைத்து, கண் எழுதாத பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினார். மகள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளும் சொல்லவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன். பிறகு ரோட்டுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். என் உள்ளங்கையும் விரல்களும் டம்ளர் பிடித்த அளவுக்குச் சிவந்திருந்தன. அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடியில் வைத்து, தலைவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். முன்பு நான் கையெழுத்துப் போட்டது பொய் என்று முதல் வரி. எரிகிறது என்று அவள் இரண்டு முறை சொன்னாள், நான் என் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அவளுக்குப் பதில் சொன்னேன் என்று இரண்டாவது வரி. பஸ் ஆடியது. பேனா கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதினேன்.